பிறந்த வீட்டுக் கோடி

திருமழபாடி
13–2–1949

அன்புத் தம்பி அய்யாக்கண்ணுவுக்கு அக்கா ஜெகதாம்பாள் எழுதுவது. வைத்தியநாத சுவாமி கிருபையால் இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இடது கால் எப்படி இருக்கிறது? டில்லிக் குளிர், ஜெயில் தரையில் வாங்கிவந்த வலிக்கு ஆகாது. எண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லி உன் பெண்டாட்டி ஜானகியிடம் சொன்னால், "அவரு டில்லியில, நான் அரியலூர்ல, கை நீட்டித் தடவவா" என்று சிரிக்கிறாள்.

நாட்டுக்கே சட்டம் எழுதுகிற சபையில் தன் மச்சான் உட்கார்ந்திருக்கிறான் என்று உன் மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு. பம்பரத்தில் தோற்றால் அந்த நிமிஷமே விதியை மாற்றுகிறவன் நீ. உன்னிடமா கொடுத்தார்கள் எழுதுகோலை.

விளையாட்டு இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாற்பத்திரண்டில் உன்னைக் கொண்டுபோனபோது எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா தெருவில் போகிறவர்களிடமெல்லாம் "எம்புள்ள என்ன பண்ணான்" என்று கேட்டுக் கேட்டே கண்ணை மூடினாள். மன்னிப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் கொள்ளி வைக்க விடுகிறோம் என்றார்கள். நீ போடவில்லை. உனக்குப் பதிலாக என் மகன் காசிநாதன்தான், மீசைகூட முளைக்காத வயதில், கொள்ளிடக் கரையில் பாட்டிக்குக் கொள்ளி வைத்தான். நம் ராஜ்யம் வந்தால் காரணம் சொல்லாமல் ஒருவனையும் பிடிக்க முடியாது என்று அப்போது ஜெயிலிலிருந்து எழுதினாயே, அதை அந்தச் சட்டத்தில் எழுதிவிடு.

காசி வீடு தங்குவதில்லை. ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் போய்ப் பண்ணையாட்களைச் சேர்த்து அறுப்புக் கூலி பேசுகிறான். நம் வயலில் இறங்குகிறவர்களையும் விடவில்லை. உன் மாமாவுக்குக் கோபம்தான். ஆனாலும் "மாமன அப்படியே உரிச்சு வச்சிருக்கான்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையைப் பார்க்க வேண்டுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா
ஜெகதாம்பாள்

*

புது டில்லி
6–3–1949

அன்புள்ள அக்காவுக்கு அய்யாக்கண்ணு வணக்கம். கால் பரவாயில்லை. மாமாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. இங்கே சபையில் என்னைப் போல் ஜெயிலுக்குப் போய்வந்தவர்கள் ஏராளம். சாப்பிடும்போதுகூட எந்த ஜெயிலில் என்ன களி போட்டார்கள் என்றுதான் பேச்சு. பட்டவர்கள் எழுதுகிற சட்டம் இது. பட்டது அதில் தெரியாமல் போகாது.

சென்ற வாரம் அவசரமாகத் திருச்சி வரை வந்தேன். திருமழபாடிக்கு வர நேரம் வாய்க்கவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காசியைக் கொஞ்ச நாள் வீட்டோடு இருக்கச் சொல்லுங்கள். பையன் நல்லவன். அவன் பேச்சைக் கேட்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருக்க மாட்டார்கள். எனக்கு இன்னும் பிச்சைமுத்து ஞாபகம் போகவில்லை. நாற்பத்திரண்டில் என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போன பையன்கள் அரியலூருக்கு அப்பால் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். வண்டியை நிறுத்த விளக்கோடு ஓடிய ரயில்பாதை கேங்மேன் அவன். அதே வண்டியில் அடிபட்டுச் செத்தான். தண்டவாளத்தைத் தொடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியாமல் இருந்தது உண்மை.

மாமாவுக்கு என் நமஸ்காரம்.
தங்கள் தம்பி
அய்யாக்கண்ணு

*

திருமழபாடி
12–3–1949

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம் விசாரிக்கக் கை வரவில்லை. உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே காசியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

சோற்றில் கை வைத்திருந்தான். சப்-இன்ஸ்பெக்டரும் நான்கு போலீஸ்காரர்களும் வாசலில் வந்து நின்றார்கள். "எதுக்குங்க" என்று கேட்டேன். "தெரியாதும்மா, மேல உத்தரவு" என்றார். தம்பி, உன்னைப் பிடித்த அன்று அம்மாவுக்கு வந்த பதிலும் இதுதான். ஒரு சொல்கூட மாறவில்லை.

நான் ஒரு பைத்தியம். ஆள் மாறி வந்திருப்பார்கள் என்றே நினைத்துவிட்டேன். "டில்லி சபையில இருக்காங்களே அய்யாக்கண்ணு, அவங்க அக்கா மவன்ங்க இவன்" என்று சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காசிதான் கையைக் கழுவிக்கொண்டு, "வுடும்மா, மாமா பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

விசாரணை கிடையாதாம், வழக்கும் கிடையாதாம். பொது அமைதிக்கு என்று ஏதோ சட்டமாம். உன் மாமா அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடனே சொல்.

ஜெகதாம்பாள்

*

புது டில்லி
29–3–1949

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். தங்கள் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். மாமாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். ஜில்லாவில் பல இடங்களிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. விசாரிக்கிறேன்.

காசியை யாரும் அடிக்க மாட்டார்கள். அது நிச்சயம். சில நாட்களில் அனுப்பிவிடுவார்கள் என்று நம்புகிறேன். நெல் அளந்தாகிவிட்டதா? இங்கே வேலை அதிகம்.

தம்பி
அய்யாக்கண்ணு

*

திருமழபாடி
8–6–1949

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இந்த இடைவெளியில் இரண்டு கடிதம் போட்டேன். தபால்காரரைத் தெருமுனையிலேயே மறிக்கிறேன் என்று அவர் வேறு பாதையில் போகிறார். உன் கால் எப்படி இருக்கிறது என்றும் தெரியவில்லை.

காசியை ஜெயிலில் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். நடுவில் வார்டர். அன்று உன்னைப் பார்க்கப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தபோது நின்ற மாதிரியே நின்றேன். "என்னடா வேணும்" என்றேன். "மாமா கடுதாசி போட்டாங்களா" என்று கேட்டான். போன வாரம்கூடப் போட்டார் என்றேன். பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உன் மாமாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. மூச்சு வாங்குகிறது. "மச்சான் ஏன் எழுதல" என்று ஒருநாள் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

விடச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. எதற்குப் பிடித்தார்கள் என்ற ஒன்றை மட்டும் கேட்டுச் சொல். அது தெரிந்தால் அவர் கொஞ்சம் தூங்குவார்.

அக்கா

*

திருமழபாடி
20–7–1949

அய்யாக்கண்ணுவுக்கு.

நேற்றுத் திருச்சிக்குப் போய்ப் பெரிய போலீஸ் அதிகாரியைப் பார்த்தேன். துணைக்கு ஆள் இல்லை, தனியாகத்தான் போனேன். "நல்லுசாமி அய்யா வூட்டம்மாவா, வாங்க வாங்க" என்று நாற்காலி போடச் சொன்னார். மோர் வரவழைத்துக் கொடுத்தார். பெரிய மனிதர், மரியாதை தெரிந்தவர்.

என் தம்பிக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். அவருக்கு என் பேச்சு புரியவில்லை. பாவம், என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க தம்பிக்குத் தெரியாம செய்வமாம்மா? பெரிய குடும்பமாச்சேன்னு அவங்க திருச்சி வந்தப்ப ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டோம். 'சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், உள்ள வைங்க'ன்னு அவங்களே சொல்லிட்டாங்க. எவ்வளவு நேர்மையான மனுஷன்."

மோர் கையில் இருந்தது. கீழே வைக்கத் தோன்றாமல் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. எப்படி ரயில் ஸ்டேஷனுக்கு வந்தேன், எந்த வண்டியில் ஏறினேன், ஒன்றும் நினைவில் இல்லை.

திருமழபாடிக்கு வர நேரம் வாய்க்கவில்லை என்று எழுதினாயே. என் மகனுக்கு உன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். அவன் கத்தியபோது நீதான் அவன் கண்ணைப் பொத்தினாய்.

உன் மாமாவிடம் சொல்லவில்லை. அவர் உன்மேல் வைத்திருக்கிற நம்பிக்கையில்தான் இன்னும் மூச்சு ஓடுகிறது. நான் கேட்டது பொய் என்று நீ எழுதினால் நம்புகிறேன். எழுது.

ஜெகதாம்பாள்

*

புது டில்லி
11–8–1949

அன்புள்ள அக்காவுக்கு.

பொய் இல்லை.

எழுதிக் கிழித்த கடிதங்கள் நிறைய. இதையாவது அனுப்பிவிடுகிறேன். ஒரு மாதம் உள்ளே இருந்தால் பையன் ஆறிவிடுவான், அறுப்பும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டபோது என் கண்ணில் காசி தெரியவில்லை. நானே தெரிந்தேன். அதே வேகம், அதே பேச்சு, அதே கைதட்டல். நாற்பத்திரண்டில் அந்தக் கூட்டத்துக்கு முதல் நாளே என்னைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால் பிச்சைமுத்து இன்று உயிரோடு இருப்பான் அக்கா. எத்தனையோ இரவு இதை நினைத்திருக்கிறேன். வெள்ளைக்காரன் என்னைப் பிடித்தது தவறு இல்லை, பிடிக்கத் தாமதித்ததுதான் தவறு என்றுகூடத் தோன்றியிருக்கிறது. வெளியே சொல்ல முடியுமா இதை?

என் மருமகன் என்று விட்டுவிடச் சொல்லியிருந்தால் நாளைக்கு ஊர் என்ன பேசும் என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஒரு மாதம் என்று நினைத்தது இப்படி நீளும் என்று எதிர்பார்க்கவில்லை. மாமாவுக்குச் சொல்லாமல் இருப்பதற்கு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

அய்யாக்கண்ணு

*

புது டில்லி
18–9–1949

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மாமா உடம்பு எப்படி இருக்கிறது? என் கடிதத்துக்குப் பதில் இல்லை. பதில் எதிர்பார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் தெரியும்.

இந்த வாரம் அந்த ஷரத்து சபைக்கு வந்தது. ஒருவனை விசாரணை இல்லாமல் காவலில் வைக்கலாம் என்பதைப் பற்றியது. அப்படி வைத்தால் காரணத்தை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. அம்மா கேட்டதற்கு அந்த ஒரு வரி பதில். ஆனால் காவலில் வைக்கலாம் என்பதும் இருக்கிறது. நாங்கள் பட்டதையே எழுதிவைத்திருக்கிறோம். பட்ட வலியையும் எழுதினோம், பயத்தையும் எழுதினோம்.

சிலர் எழுந்து ஆத்திரமாகப் பேசினார்கள். நானும் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். எழுந்திருக்கக் கை ஊன்றினேன். எதைச் சொல்வது? வேண்டாம் என்றால் பிச்சைமுத்து. வேண்டும் என்றால் காசி. பக்கத்தில் இருந்தவர் கால் வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

தம்பி

*

திருமழபாடி
30–10–1949

அய்யாக்கண்ணுவுக்கு.

உன் மாமா போய்விட்டார். தந்தி உனக்குக் கிடைத்தது என்பது உன் பதில் தந்தியில் தெரிந்தது. "காசியை அனுப்பச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று போட்டிருந்தாய். பிணத்தை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் ஒருத்தி உன் பேச்சுக்குக் காத்திருப்பாள்?

கொள்ளி வைக்கக் காசியை அனுப்ப ஜெயிலில் ஒப்புக்கொண்டார்கள். கேள், எப்படி என்று. இனி கூட்டம் சேர்க்க மாட்டேன், செய்தது தப்பு என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் போலீஸ் காவலோடு அனுப்புவார்களாம். ஜெயிலுக்குப் போய் வந்த பங்காளிதான் சொன்னார். அதே காகிதம், தம்பி. நீ அம்மாவுக்காகப் போடாத அதே காகிதம். அதைப் போடாமல் விட்டதற்கு அரியலூரில் உனக்கு மாலை போட்டார்கள். காசி திண்ணைமேல் ஏறி நின்று கைதட்டினான்.

அவன் போடவில்லை. "மாமா போடலீல்ல" என்று மட்டும் சொன்னானாம்.

பங்காளி வீட்டுப் பையனைக் குளிக்க வைத்து ஈரத்துணியோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் விடவில்லை. இன்னொருவன் கொள்ளி வைத்தால் என் மகன் இல்லை என்று ஆகிவிடும். அவன் இருக்கிறான். கொள்ளிச் சட்டியை நான் தூக்கினேன். "பொம்பள சுடுகாட்டுக்கு வர்றதாவது" என்று வழிமறித்தார்கள். "அப்ப டில்லிக்கு எழுதி என் புள்ளய வரவைங்க" என்றேன். வழி விட்டார்கள். முன்பு காசி நம் அம்மாவுக்குக் கொள்ளி வைத்த அதே கொள்ளிடக் கரையில் நான் உன் மாமாவுக்கு வைத்தேன். தண்ணீர் கரையை முட்டிக்கொண்டு ஓடியது. எனக்கே நான்தானா என்று இருந்தது.

கருமாதியை நிறுத்திவிட்டேன். தாலி கழுத்தில் இருக்கிறது. அதை எடுக்கும் அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போட வேண்டியவன் நீ. நீ வர வேண்டாம்.

ஜெகதாம்பாள்

*

அரியலூர்
11–12–1949

அக்காவுக்கு.

சட்டம் போன மாதம் சபையில் நிறைவேறிவிட்டது. மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாளே புறப்பட்டு வந்தேன். வெள்ளைக் கோடி ஒன்று வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அரியலூர் வரை வந்தவனுக்குத் திருமழபாடிக்கு வரக் கால் எழவில்லை.

திருச்சியில் இறங்கி அந்த அதிகாரியைப் பார்த்தேன். நான் சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பையனை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் எழுந்து நின்றுதான் பேசினார். "ஐயா, உள்ள வைக்கறதுக்கு ஒங்க வார்த்தை போதும்ங்க. விடறதுக்கு மேலேருந்து உத்தரவு வரணும். இனிமே நீங்க எழுதுன சட்டமே அப்படித்தானேங்க." கேலி இல்லை அக்கா. மரியாதையாகத்தான் சொன்னார். என் வாய் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவாகப் போயிற்று.

பிறகு காசியைப் பார்த்தேன். எனக்கு உள்ளே நாற்காலி போட்டார்கள். அவன் நின்றான். நானும் எழுந்து நின்றேன். இளைத்திருக்கிறான். திருச்சியில் நான் சொன்னதை அவனிடம் சொன்னேன். அவனுக்கு ஏற்கனவே தெரியும். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தேன். ஒன்று மட்டும் கேட்டான்.

"பாட்டிக்கு நான் கொள்ளி வச்சப்ப நீங்க இங்க உள்ள என்ன பண்ணீங்க மாமா?"

"செவுத்தப் பாத்து நின்னேன்டா" என்றேன்.

"நானும் அதாங்க பண்ணேன்" என்றான்.

அவ்வளவுதான் பேசினோம். வெளியே வந்து உட்கார்ந்து அழுதேன். மந்திரிக்கு மனு எழுதியிருக்கிறேன். வாரம் ஒன்று எழுதுவேன். பதில் வரும் என்று உங்களுக்கு உறுதி சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஜனவரியில் அந்தச் சட்டத்தில் சபையினர் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மன்னிப்புக் காகிதத்தில் போடாத கை. இதில் போடத்தான் போகிறேன். அதில் எத்தனையோ நல்லது இருக்கிறது. நம் வயலில் இறங்குகிறவனுக்கும் எனக்கும் ஒரே ஓட்டு என்று இருக்கிறது, காசி கேட்டதில் பாதி அதுதான். அதற்காகப் போடுவேன். உங்களிடம் மறைத்துவிட்டுப் போட மாட்டேன்.

தம்பி
அய்யாக்கண்ணு

*

திருமழபாடி
17–12–1949

தம்பி அய்யாக்கண்ணுவுக்கு.

இங்கே நான் இருக்கிறேன். உன் கால்வலிக்கு எண்ணெய் காய்ச்சி ஜானகியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காய்ச்சும்போது உன்மேல் வந்த ஆத்திரத்தில் அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். மறுபடியும் காய்ச்சினேன்.

பிச்சைமுத்துவுக்காக நீ அழுகிறாய். அழு. அவன் செத்தது உன் பேச்சால் என்றால் பேச்சை நீ விட்டிருக்க வேண்டும். என் மகனையா விடாமல் வைப்பது? காசி யார் உயிரை எடுத்தான் என்று உன் சபையில் ஒருவராவது கேட்டார்களா? பம்பரம் ஆடும்போது விதியை மாற்றினால் நான் உன் தலையில் குட்டுவேன். இப்போது குட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது.

கையெழுத்துப் போடு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் பண்ணையாட்கள் ஓட்டுப் போடுவதை நானும் பார்க்க வேண்டும்.

ஊர் என்னைப் பைத்தியம் என்கிறது. நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். கருமாதி எப்போது என்று கேட்கிறவர்களிடம், டில்லியைக் கேளுங்கள் என்கிறேன்.

நீ வாங்கி வந்த கோடியை ஜானகியிடம் விட்டுவிட்டுப் போகாதே. கூடவே எடுத்துப் போ. சபைக்குப் போகும் பையிலேயே வைத்துக்கொள். பேனாவை எடுக்கும்போதெல்லாம் கையில் படட்டும். காசி வீட்டுக்கு வந்து, அவன் அப்பாவுக்குக் கொள்ளிடத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கட்டும். அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு வா, உன் கையாலேயே போட்டுக்கொள்கிறேன்.

அதுவரை நான் சுமங்கலி.

காசிநாதன் தாயார்
ஜெகதாம்பாள்